17,700 பாட்டில்கள்: அலமாரியைத் துடைத்தெடுத்த ஒரு வியாபாரம்

2020 மார்ச் 1. கொரோனாவால் அமெரிக்காவில் ஒருவர் இறந்துவிட்டார் என்ற முதல் அறிவிப்பு வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. டென்னசி மாநிலத்தில் இரண்டு சகோதரர்கள் காரை எடுத்துக்கொண்டு கடை கடையாகக் கிளம்பினார்கள். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஒரே வேலைதான்: அலமாரியில் இருக்கும் கை சானிடைசரை ஒன்று விடாமல் அள்ளுவது. அடுத்த மூன்று நாட்களில் அவர்களில் ஒருவர் சரக்கு வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, டென்னசி முழுக்கச் சுற்றி, பக்கத்து மாநிலமான கென்டக்கிக்குள்ளும் போய், மொத்தம் 1,300 மைல் ஓட்டி அந்த வண்டியை நிரப்பினார். அவர் போனவை பெரும்பாலும் ஒதுக்குப்புற ஊர்களில் இருக்கும் மலிவு விலைக் கடைகள். இன்னொருவர் வீட்டில் இருந்தபடியே ஆன்லைனில் மேலும் ஆர்டர் போட்டு, வந்திறங்கப் போகிற பெட்டிகளுக்கு இடம் ஒழித்து வைத்தார்.

முதலில் 300 பாட்டில்களை அமேசானில் போட்டார்கள். போட்ட வேகத்தில் விற்றுப்போயின. ஒரு பாட்டில் 8 டாலரிலிருந்து 70 டாலர் வரை. மறுநாளே அமேசான் அவர்களுடைய விற்பனையை நிறுத்தியது. மற்றவர்கள் சானிடைசர், மாஸ்க் விற்கப் போட்டிருந்த ஆயிரக்கணக்கான பதிவுகளும் அதோடு சேர்ந்து போயின. கையில் 17,700 பாட்டில் தங்கிவிட்டது. மார்ச் 14 அன்று நியூயார்க் டைம்ஸ் இதைப் படத்தோடு வெளியிட்டது. அடுக்கடுக்காகப் பாட்டில் பெட்டிகள், நடுவில், வீட்டிலிருந்து ஆர்டர் போட்ட சகோதரர். கடைகளில் அதே நாளில் அலமாரிகள் காலியாகக் கிடந்தன.

சகோதரர்களின் பெயர் இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. அவர்கள் செய்ததுதான் நமக்கு வேண்டும். தட்டுப்பாடான பொருளை வாங்கி லாபத்துக்கு விற்பதில் எது வியாபாரம், எது அக்கிரமம் என்று பிரித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. ஏனென்றால் இரண்டையும் ஒரே மனிதர், சில வார இடைவெளியில் செய்திருக்கிறார்.

ஒரே ஆள், இரண்டு கொள்முதல்

சானிடைசர் வேட்டைக்கு முன்பே, வீட்டிலிருந்து ஆர்டர் போட்ட அந்தச் சகோதரர் வேறொரு சரக்கைப் பிடித்திருந்தார். மூடிப்போன ஒரு நிறுவனத்திடம் மிச்சமாகக் கிடந்த 2,000 ‘பெருந்தொற்றுப் பைகள்’. ஒவ்வொரு பையிலும் 50 மாஸ்க், நான்கு சின்ன சானிடைசர் பாட்டில், ஒரு தெர்மாமீட்டர். பை ஒன்றுக்கு 5 டாலர் கேட்டவர்களிடம் பேரம் பேசி 3.50 டாலருக்கு முடித்தார். பிறகு 40, 50 டாலருக்கு விற்றார். 2,000 பையும் தீர்ந்துவிட்டது.

லாபக் கணக்கை மட்டும் பார்த்தால் இதுதான் பெரிய கொள்ளை. போட்ட பணத்துக்குப் பத்து மடங்குக்கு மேல். ஆனாலும் இந்த விற்பனையைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கு நானே விளக்கிக்கொள்ள முயன்றபோதுதான் இந்த நிகழ்வு முழுசாகப் பிடிபட்டது.

அந்தப் பைகள் எங்கே இருந்தன? யாருக்கும் தெரியாத ஒரு மூலையில், விலைபோகாத சரக்காக. அவர் வாங்காமல் இருந்திருந்தால் அந்த மாதத்தில் அவை யார் கைக்கும் போயிருக்க வாய்ப்பு குறைவு. அவர் எடுத்து வெளியே கொண்டுவந்ததால் ஒரு லட்சம் மாஸ்க் மக்களிடம் போய்ச் சேர்ந்தது. 40 டாலர் கொடுத்து வாங்கியவருக்கும் ஒரு மாஸ்க் ஒரு டாலருக்கும் கீழேதான் விழுந்தது. லாபம் கொழுத்த லாபம்தான், இன்னும் குறைத்து விற்றிருக்கலாம் என்று நான் சொல்வேன். ஆனால் அவரால் யாரும் ஒரு மாஸ்க்கைக்கூட இழக்கவில்லை.

இப்போது இரண்டாவது கொள்முதலுக்கு வாருங்கள். ஒதுக்குப்புற ஊர் ஒன்றில் ஒரு மலிவு விலைக் கடை. சோப்பு, பற்பசைக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் பன்னிரண்டு சானிடைசர் பாட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான விலை, வழக்கமான இடம். காலை பத்து மணிக்கு ஒருவர் வந்து பன்னிரண்டையும் கூடையில் போட்டுக்கொண்டு போகிறார். பதினொரு மணிக்கு முதியோரை வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்யும் ஒரு பெண் அதே தட்டின் முன்னால் வந்து நிற்கிறார். விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது, பொருள் இல்லை. ஊரில் வேறு கடை இல்லை. அவர் ஆன்லைனில் தேடினால், சற்று முன் அந்தத் தட்டில் இருந்த அதே பாட்டிலைப் பல மடங்கு விலையில் பார்ப்பார்.

இந்தப் பெண் நான் கற்பனை செய்துகொண்டவர். ஆனால் 17,700 பாட்டில் என்றால், ஆளுக்கு இரண்டு என்று வைத்தாலும் 8,850 பேர் அப்படி நின்றிருக்க வேண்டும். அவர்கள் யாரும் படத்தில் வரமாட்டார்கள். காலியான தட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவரிடம் யாரும் பேட்டி எடுப்பதில்லை.

ஆக, நான் கேட்கும் கேள்வி இதுதான்: இந்த ஆள் நடுவில் வராமல் இருந்திருந்தால் பொருள் எங்கே போயிருக்கும்? பெருந்தொற்றுப் பை மூலையில் கிடந்திருக்கும். சானிடைசர் தேவைப்பட்டவர் கையில் இருந்திருக்கும், அதுவும் பழைய விலைக்கே.

‘நான் செய்தது சேவை’

அந்த மனிதர் தன் தரப்பைத் தெளிவாகச் சொன்னார், அதை மரியாதையோடு கேட்க வேண்டும். சில நகரங்களில் தேவை தாங்க முடியாத அளவுக்கு இருக்கிறது, எங்கோ ஒரு மூலையில் இருக்கும் கடையில் பொருள் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அங்கிருந்து இங்கே கொண்டுவருவது சேவை, அதற்குக் கூலி வாங்குகிறேன் என்றார். விலையைப் பற்றிக் கேட்டபோது தன் உழைப்பு, அமேசானின் கமிஷன், அதோடு அனுப்பும் செலவு மட்டுமே பத்து டாலர் அளவுக்கு ஆகிறது என்று கணக்குச் சொன்னார். ஆல்கஹால் கலந்தது என்பதால் சானிடைசர் அபாயப் பொருளாகக் கருதப்படுகிறது, அதை அனுப்புவது சுலபமில்லை. இந்தக் கணக்கில் பொய் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

மலிவான இடத்தில் வாங்கி, தட்டுப்பாடான இடத்தில் விற்பது உலகத்திலேயே பழைய தொழில். அதைத் தப்பு என்று சொன்னால் கப்பல், லாரி, சந்தை எல்லாமே தப்பாகிவிடும். அவருடைய வாதத்தில் கோளாறு அங்கே இல்லை. அந்த ஒதுக்குப்புறக் கடைகளில் பொருள் ‘மிஞ்சி’ இருந்தது என்று அவர் எடுத்துக்கொண்டாரே, அங்கேதான் இருக்கிறது. மார்ச் முதல் வாரத்தில் நோய் நகரங்களில் தெரிய ஆரம்பித்திருந்தது. ஊர்ப்புறங்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அவர் எடுத்தது உபரி இல்லை, இன்னும் பத்து நாளில் அந்த ஊருக்கே தேவைப்படப் போகிற கையிருப்பு.

பின்னால் அவர் வருந்திச் சொன்ன ஒரு விஷயம் உண்டு: அந்தப் பயணம் போனபோது, இந்தக் கடைகளால் மறுபடியும் சரக்கு வாங்கி நிரப்ப முடியாமல் போகும் என்று தனக்குத் தெரியாது என்றார். நான் இதை நம்புகிறேன். மார்ச் 1 அன்று பலருக்குத் தெரியாது. தெரியாமல் செய்ததற்கும் தெரிந்து செய்ததற்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் தட்டுப்பாடு வரப்போகிறது என்ற கணிப்பு இல்லாமல் யாரும் 1,300 மைல் வண்டி ஓட்டமாட்டார்கள். தன் லாபத்துக்கு அந்தக் கணிப்பை நம்பியவர், அடுத்தவர் கஷ்டம் என்று வரும்போது அதே கணிப்பை மறந்துவிட்டார். அந்த மறதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதே கென்டக்கியிலிருந்து இன்னொரு வண்டி

2005-ல் கத்ரீனா புயல் அடித்தபோது நடந்தது இது. கென்டக்கியைச் சேர்ந்த ஒருவர் 19 ஜெனரேட்டர்களை வாங்கி, வாடகை வண்டியில் ஏற்றி, சுமார் 600 மைல் ஓட்டி மிசிசிப்பிக்குப் போனார். மின்சாரம் இல்லாமல் தவித்தவர்களுக்கு வாங்கிய விலையைப் போல இரண்டு மடங்குக்கு விற்பது அவர் திட்டம். வாங்க ஆட்களும் தயாராக இருந்தார்கள். போலீஸ் வந்து ஜெனரேட்டர்களைப் பறிமுதல் செய்தது. அவர் நான்கு நாள் சிறையில் இருந்தார். ஜெனரேட்டர்கள் போலீஸ் வசமே கிடந்தன, மக்கள் இருட்டில் கிடந்தார்கள்.

சட்டத்தின் கண்ணில் இருவரும் ஒரே ரகம்: ஆபத்துக் காலத்தில் அநியாய விலை. எனக்கோ இரண்டு பேரும் நேர்எதிர்த் திசையில் வண்டி ஓட்டியவர்கள். ஜெனரேட்டர்காரர் தேவை இல்லாத ஊரிலிருந்து தேவை உள்ள ஊருக்குப் பொருளைக் கொண்டுபோனார். கென்டக்கியில் 19 ஜெனரேட்டர் குறைந்ததால் யார் வீட்டிலும் விளக்கு அணையவில்லை. மிசிசிப்பியில் 19 வீட்டில் விளக்கு எரிந்திருக்கும். இரட்டை விலை வாங்கினாலும் அவர் போனதால் அந்த ஊருக்கு ஒன்று கூடியிருக்கும்.

‘எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்’ என்ற பழமொழியை இந்த மாதிரி ஆட்கள் எல்லோர் மேலும் வீசுகிறோம். வீடு எரியும்போது தொலைவிலிருந்து தண்ணீர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திக் காசு கேட்பவர் ஒருவர். வீட்டுக்குப் பக்கத்துக் கிணற்றை முதலிலேயே இறைத்துக் குடத்தில் அடைத்து வைத்துக்கொண்டு, தீப்பிடித்ததும் அந்தத் தண்ணீரை விற்பவர் இன்னொருவர். முதல் ஆளிடம் ‘இவ்வளவு வாங்கலாமா’ என்று சண்டை போடலாம். இரண்டாவது ஆளிடம் விலையைப் பற்றிப் பேசவே கூடாது. அந்தத் தண்ணீர் ஏற்கெனவே அங்கே இருந்ததுதானே?

விலை ஏறினால் நல்லதுதானே என்பவர்களுக்கு

பொருளாதாரம் படித்த நண்பர்கள் சொல்வது இது. விலை ஏறினால் வாங்குபவர் தேவைக்கு மட்டும் வாங்குவார், உற்பத்தியாளர் கூடுதலாகச் செய்வார், தட்டுப்பாடு தானாகக் குறையும். இதில் பாதி உண்மை. பழைய விலையிலேயே பத்துப் பாட்டில் வாங்கி வீட்டில் அடுக்கிக்கொண்ட சாதாரண ஆட்களும் அலமாரியைக் காலி செய்தவர்கள்தான், அவர்களை யாரும் படம் எடுத்துப் போடவில்லை.

மறுபாதி இந்த நிகழ்வில் நடக்கவில்லை. 70 டாலர் கொடுத்து ஒருவர் பாட்டில் வாங்கினால் அந்தப் பணம் எங்கே போகிறது? மறுவிற்பனையாளருக்கும் தளத்துக்கும் அனுப்பும் நிறுவனத்துக்கும். சானிடைசர் செய்கிற ஆலைக்கு ஒரு காசு கூடப் போகவில்லை, அது பழைய விலைக்கே கடைக்குக் கொடுத்திருந்தது. அந்த மாதத்தில் உற்பத்தி உண்மையில் எப்படிக் கூடியது என்று பாருங்கள். மார்ச் 18 அன்று, மது வடிப்பாலைகள் தனி அனுமதிக்குக் காத்திருக்காமல் சானிடைசருக்கான ஆல்கஹால் தயாரிக்கலாம் என்று அமெரிக்க அரசு விதியைத் தளர்த்தியது. நாடு முழுக்க வடிப்பாலைகள் இறங்கி வேலை செய்தன. கிடங்கில் அடைந்து கிடந்த பாட்டில் இதற்கு எந்த வகையிலும் உதவவில்லை.

தேவைக்கு மட்டும் வாங்குவார்கள் என்பதும் பணம் ஏறக்குறைய சமமாக இருக்கும் இடத்தில்தான் செல்லும். 70 டாலர் விலை யாருக்கு அவசியம் அதிகம் என்று வடிகட்டாது, யார் பையில் காசு அதிகம் என்று வடிகட்டும். வாரக் கூலிக்கு வேலை செய்யும் ஒரு துப்புரவுப் பணியாளரும், வீட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறவரும் அந்தத் திரையைப் பார்த்தால் யார் வாங்குவார்கள்? கிருமியோடு நாள் முழுக்கப் புழங்குகிறவர் முதலாமவர். (சோப்பும் தண்ணீரும் கிடைத்தால் அதுவே மேல் என்றுதான் மருத்துவர்கள் சொன்னார்கள். ஆனால் வேலைக்கு நடுவில், பேருந்தில், அடுத்தவர் வீட்டு வாசலில் குழாய் இருக்காது.)

கடைக்காரர் விட்டுக்கொடுத்த பணம்

இந்த நிகழ்வில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. அந்தச் சிறிய கடைகள் நினைத்திருந்தால் விலையைத் தாங்களே ஏற்றியிருக்கலாம். ஏற்றவில்லை. ஏன்?

1986-ல் டேனியல் கானமன், ஜேக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் ஒரு கேள்வி: ஒரு கடையில் பனி அள்ளும் மண்வெட்டி 15 டாலருக்கு விற்கிறது. பெரும் பனிப்புயல் அடித்த மறுநாள் காலையில் கடைக்காரர் அதை 20 டாலராக்குகிறார். இது நியாயமா? 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். கடைக்காரர்களுக்கு இது ஆய்வு இல்லாமலே தெரியும். நாளைக்கும் அதே ஆள்தான் கடைக்கு வரப்போகிறார். அதனால் தட்டுப்பாட்டு நாளிலும் பழைய விலையை வைத்திருக்கிறார்கள். அந்த அலமாரி விலைக்கும், பயந்துபோன ஒருவர் கொடுக்கத் தயாராக இருக்கும் விலைக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. கடைக்காரர் தன் வாடிக்கையாளருக்காக விட்டுக்கொடுத்த பணம் அது.

மறுவிற்பனையாளரின் லாபம் முழுக்க அந்த இடைவெளியிலிருந்து வருகிறது. கடைக்காரர் அந்த ஊர்க்காரருக்குக் கொடுத்ததை, நடுவில் கையை நீட்டி இவர் வாங்கிக்கொள்கிறார். நாளைக்கு அந்த ஊருக்கு அவர் திரும்பி வரவேண்டிய அவசியமே இல்லை, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. எல்லோரும் இப்படிச் செய்தால் நாளடைவில் கடைக்காரரும் ‘எவனோ அள்ளிக்கொண்டு போவதற்கு நானே ஏற்றிவிடுகிறேன்’ என்றுதான் முடிவு செய்வார். அந்த விட்டுக்கொடுத்தல் மெல்லச் செத்துப்போகும்.

கச்சேரி டிக்கெட்டிலும் இதேதான். கலைஞர் தன் ரசிகருக்குக் கட்டுப்படியாகட்டும் என்று விலையைக் குறைவாக வைத்தால், மறுவிற்பனையாளர்கள் கணினி நிரல்களை விட்டு நொடியில் ஆயிரம் டிக்கெட்டை அள்ளிவிடுகிறார்கள். 2016 டிசம்பரில் அமெரிக்கா இதற்கென்றே தடைச் சட்டம் கொண்டுவந்தது. டிக்கெட் இல்லாமல் யாரும் செத்துவிடமாட்டார்கள். அதனால் சானிடைசரோடு அதைச் சமமாக வைக்கமாட்டேன். சின்னத் தப்பு, ஆனால் தப்பின் சுபாவம் ஒன்றுதான்.

மற்றவர்களின் பங்கு

பழி முழுவதையும் இரண்டு சகோதரர்கள் மேல் இறக்கிவிட்டு மற்றவர்கள் நழுவுவதும் சரியில்லை. ‘ஒருவருக்கு இரண்டு’ என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருந்தால் அந்தப் பயணமே நடந்திருக்காது. பல கடைகள் அதைப் பிறகுதான் செய்தன. அமேசான் விற்பனைக்குக் கமிஷன் வாங்கும் தளம். விலை கண்டபடி ஏறியபோது அதன் வருமானமும் சேர்ந்தே ஏறியிருக்கும். மார்ச் 23 அன்று, அநியாய விலைக்காக ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட விற்பனைப் பதிவுகளை நீக்கியதாகவும், அமெரிக்காவில் 3,900-க்கும் மேற்பட்ட விற்பனையாளர் கணக்குகளை முடக்கியதாகவும் அது அறிவித்தது. நல்ல வேலை. ஆனால் அந்த எண்ணிக்கை வேறொன்றையும் காட்டுகிறது: இந்த இருவரும் தனி ஆட்கள் இல்லை, ஒரு பெரிய கூட்டத்தில் மாட்டிக்கொண்ட இரண்டு பேர்.

அப்புறம் ஊர் ஜனம். செய்தி வந்தபின் அவர்களுக்கு வசவும் கொலை மிரட்டலும் குவிந்தன. ராத்திரியில் ஒருவர் வீட்டுக் கதவை வந்து இடித்தார். இதை நான் எந்த வகையிலும் நியாயம் என்று சொல்லமாட்டேன். சானிடைசர் அள்ளியதற்குத் தண்டனை குடும்பத்தையே பயமுறுத்துவது இல்லை.

சட்டம் என்ன செய்தது? டென்னசியில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது மார்ச் 12 அன்று. சகோதரர்கள் அள்ளியது அதற்கு ஒரு வாரத்துக்கு மேல் முன்பு. அநியாய விலைச் சட்டம் விற்கும் விலையைத்தான் பார்க்கிறது. விற்காமல் கிடங்கில் கிடக்கும் 17,700 பாட்டிலைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. பதுக்கலைத் தனியாகப் பிடிக்க 1950-ஆம் ஆண்டின் பாதுகாப்பு உற்பத்திச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள், அந்த அதிபர் ஆணை வந்ததும் மார்ச் 23 அன்றுதான். விலையை மட்டும் பார்க்கும் சட்டம் ஜெனரேட்டர்காரரைச் சிறையில் தள்ளும், அலமாரியைத் துடைத்தவரை அவர் பெரிய விலை போடும் நாள் வரை சும்மா விடும். தட்டுப்பாட்டுக் காலச் சட்டம் முதலில் பார்க்க வேண்டியது வாங்கும் இடத்தைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

டென்னசி மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் விசாரணை தொடங்கி, விற்பதையும் வாங்குவதையும் நிறுத்தச் சொல்லி சகோதரர்களுக்குக் கடிதம் அனுப்பியது. அவர்கள் எல்லாவற்றையும் கொடுத்துவிடச் சம்மதித்தார்கள். ஏப்ரலில் சமரச ஒப்பந்தம் ஆனது. அபராதம் இல்லை. அவசரநிலை இருக்கும்வரை மருத்துவ, அவசரப் பொருட்களை அநியாய விலைக்கு விற்கமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

சரக்கில் மூன்றில் இரண்டு பங்கு டென்னசியில் ஒரு தேவாலயத்துக்குப் போனது, ஊர்க்காரர்களுக்குக் கொடுப்பதற்காக. மீதி ஒரு பங்கை, கென்டக்கி அதிகாரிகளிடம் கொடுப்பதற்காக டென்னசி அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தினர் எடுத்துக்கொண்டார்கள். மார்ச் முதல் வாரத்தில் எந்த மாநிலத்துக் கடைகளிலிருந்து வண்டியில் ஏறியதோ, அந்த மாநிலத்துக்கே அது இரண்டு வாரம் கழித்துத் திரும்பிப் போனது. அதற்குள் அங்கேயும் நோய் வந்திருந்தது.